தோண்டினால் நிறையாது

கோடை பிறந்தால் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு கண்மாய்க்குள் ஜேசிபி இறங்கிவிடும். முன்னால் ஒரு பேனர், பேனருக்கு முன்னால் சால்வைகள், சால்வைகளுக்கு முன்னால் கேமரா. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சேவைச் சங்கம், தொழில் நிறுவனம், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம், நடிகர் மன்றம் என்று யார் நடத்தினாலும் மேடையில் பேசப்படுவது ஒன்றுதான்: கண்மாய் மண்மேடிட்டுச் செத்துக் கிடக்கிறது, மண்ணை அள்ளினால் பிழைத்துக்கொள்ளும். ஆட்சி மாறினாலும் மாறாத கொள்கை தமிழ்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது தூர்வாருவதுதான்.

இதை எதிர்த்துப் பேசினால் 'நல்லது செய்பவனையும் விடமாட்டீர்களா' என்று கேட்கிறார்கள். நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. கணக்கில்தான் சந்தேகம். கண்மாயைக் காப்பது என்றால் அதைச் சுற்றியுள்ள நிலத்தைக் காப்பது. மழைநீர் வழிந்து வரும் மேட்டு நிலம், அது ஓடி வரும் வரத்துக்கால், கரைக்குக் கீழே பாயும் நஞ்சை, மிகுதி வெளியேறும் மறுகால் எல்லாம் சேர்ந்ததுதான் கண்மாய். இந்த நிலத்தைக் காக்க ஊரில் நிலையான ஒரு அமைப்பு வேண்டும். அந்த அமைப்புக்கு ஆண்டுதோறும் கையில் வரும் வருமானம் வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் குழியில் கொட்டும் பணம் வீண் என்பது என் வாதம்.

முதலில் மதுரைக்காரர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்த ஒரு சாட்சியை அழைக்கிறேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் காலத்தில், 1645-இல் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தக் குளம் பல பத்தாண்டுகள் காய்ந்து கிடந்தது. பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். தைத் தெப்பத் திருவிழா வந்தால் தண்ணீர் இறைத்து விடுவார்கள்; தண்ணீர் கிடைக்காத ஆண்டில் தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தக் குளத்துக்கு ஆழக் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? கல் கட்டிய குளம். ஆழமும் அகலமும் அப்படியேதான் இருந்தன. அற்றுப்போயிருந்தது வைகையிலிருந்து தண்ணீர் வரும் வழி. 2019 வாக்கில் பனையூர்க் கால்வாய் வழியைச் சரிசெய்து திறந்தார்கள். குளம் நிறைந்தது. பிறகு அதில் படகும் ஓடியது. காமராசர் சாலையிலும் அனுப்பானடியிலும் கிணறு, போர் வைத்திருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள். முந்நூற்று எழுபது வயதுக் குளம் தோண்டாமலேயே நிறைந்தது.

'அது கோயில் குளம், கண்மாய்க்குப் பொருந்தாது' என்பார்கள். கண்மாய்க்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கோயில் குளத்துக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டு. கண்மாய்க்குப் பிறை வடிவில் ஒரு கரை மட்டுமே; மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். அந்தத் திறந்த பக்கத்து நிலம் எவ்வளவு பரப்போ, எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் கண்மாயின் தலையெழுத்து. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு சதுர கிலோமீட்டர் மேட்டு நிலத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவு தண்ணீர் வழிந்து வந்தால் அது 10,000 கன மீட்டர். அதே 10,000 கன மீட்டர் கொள்ளளவைத் தோண்டி உண்டாக்க இரண்டு யூனிட் டிப்பரில் ஏறத்தாழ 1,760 நடை மண் அடிக்க வேண்டும். மதுரையில் ஆண்டு மழை சராசரியாக 85 சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு கண்மாய்க்கு வந்து சேர்ந்தாலே அந்த ஒரு சதுர கிலோமீட்டர் ஆண்டுக்கு 85,000 கன மீட்டர் தருகிறது. அந்த மேட்டில் ஒரு மனைப்பிரிவு போட்டு, வரத்துக்காலுக்குக் குறுக்கே தார்ச்சாலை போட்டு, பாலத்துக்குப் பதில் இரண்டு சிமெண்ட் குழாய் புதைத்துவிட்டால் போனது எத்தனை ஆயிரம் டிப்பர் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கண்மாய்களில் பல, இருக்கும் கொள்ளளவுக்கே ஆண்டுக்கணக்காக நிறைவதில்லை. அவற்றின் கொள்ளளவைக் கூட்டுவது அரிசி இல்லாத வீட்டில் பெரிய பானை வாங்கி வைப்பதுதான்.

வண்டல் படிகிறது என்பது உண்மை. மடையின் அருகே, கரையை ஒட்டி அது கூடுதலாகப் படியும், மடைவாய் அடைபடும். அதை அள்ளத்தான் வேண்டும். நம் விவசாயிகள் தலைமுறைகளாகச் செய்த வேலை அது. கோடையில் மாட்டுவண்டி கட்டி, மேலாக இரண்டடி வண்டலை வழித்து, சொந்த வயலுக்கு உரமாக அடித்தார்கள். 2017-இல் தமிழக அரசு விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதித்ததும், 2024-இல் அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறும்படி எளிதாக்கியதும் சரியான திசையில் வைத்த அடிகள் என்றே நினைக்கிறேன். அந்த மண் வயலுக்குப் போகும் வரையில்.

ஜேசிபி செய்வது வேறு. அதற்கு மணிக்கு வாடகை. எடுத்த மண்ணுக்கு விலை. ஆகவே மடை மட்டத்துக்கும் கீழே, பள்ளம் பள்ளமாக, செங்கல் சூளைக்கும் மனை மேவுவதற்கும் எந்த மண் நன்றாக இருக்கிறதோ அந்த இடத்தில் தோண்டுகிறார்கள். மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஆயக்கட்டுக்காரனைப் பொறுத்தவரை அது இல்லாத தண்ணீர். அடியில் இருக்கும் களி அடுக்கை வெட்டிவிட்டால் கண்மாய் தண்ணீரைப் பிடித்தும் வைக்காது. கரையோரமாகத் தோண்டினால் கரை வலுவிழக்கும். மழைக்குப் பிறகு அந்தப் பள்ளங்களில் பள்ளிப் பிள்ளைகள் மூழ்கி இறந்த செய்தி ஆண்டுதோறும் நாளிதழில் வருகிறது. அதைத் தூர்வாரிய கணக்கில் யாரும் எழுதுவதில்லை. சவடு மண் என்ற பெயரில் நடந்த கொள்ளையை எதிர்த்து எத்தனை வழக்குகள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போயின என்பதும் ஊருக்குத் தெரியும். மேலும், வண்டல் வானத்திலிருந்து விழவில்லை. மேட்டு நிலத்தில் புல்லும் புதரும் போன பிறகு, மொட்டையாகக் கிடக்கும் மண்தான் அரித்துக்கொண்டு வருகிறது. அந்த மேட்டைத் தொடாமல் கண்மாயை மட்டும் தோண்டினால் சில ஆண்டுகளில் மறுபடியும் பேனர் கட்டலாம். ஒப்பந்தக்காரர் பார்வையில் இது குறையே இல்லை.

அடுத்த வாதம் வெள்ளம். 2024 அக்டோபர் 25 அன்று பிற்பகலில் மதுரை வடக்கில் கொட்டிய மழை யாருக்கும் மறக்காது. செல்லூர்க் கண்மாய் நிறைந்து, பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல், வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 'கண்மாயை ஆழப்படுத்தியிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா' என்று மறுநாளே கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் செல்லூர்க் கண்மாய் தனி ஆள் இல்லை. குலமங்கலம், ஆலங்குளம் பக்கத்துக் கண்மாய்களின் மறுகால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, கடைசியில் செல்லூருக்கு வந்து, பந்தல்குடி வழியாக வைகையில் விழுவது அந்தச் சங்கிலியின் ஏற்பாடு. மேலே உள்ள கண்மாய்களும் அவற்றுக்கு இடையிலிருந்த வயல்களும் தண்ணீரைத் தடுத்து, தேக்கி, நாள் கணக்கில் மெதுவாகக் கீழே அனுப்பின. இப்போது வயல் இருந்த இடத்தில் சிமெண்ட் தரை. பல நாளில் வர வேண்டிய தண்ணீர் மணிக்கணக்கில் வந்து சேர்கிறது. கீழே பந்தல்குடி வாய்க்கால் குப்பையும் சாக்கடையுமாக இளைத்துக் கிடந்தது. நடுவில் இருக்கும் செல்லூர்க் கண்மாயை இன்னும் பத்தடி தோண்டினால் என்ன ஆகும்? அந்தப் பத்தடியையும் மழைக்கு முன்பே கழிவுநீர் நிரப்பி வைத்திருக்கும். அவனியாபுரம் பக்கம் அயன்பாப்பாக்குடிக் கண்மாயில் வெள்ளை நுரை பொங்கிச் சாலைக்கு வந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே, நகரத்துக் கண்மாய்களில் இன்று தவறாமல் வரும் ஒரே வரத்து சாக்கடைதான். அதைத் தேக்கி வைக்கவா ஆழம்?

இங்கே நகரத்துக் கெட்டிக்காரர்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். 'விவசாயம் போயாச்சு, ஆயக்கட்டு பிளாட் ஆயாச்சு. இனிமேல் கண்மாய் எதற்கு? சுற்றிலும் நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, படகு விட்டால் மக்களுக்குப் பொழுதாவது போகும், ஆக்கிரமிப்பும் வராது.' வண்டியூர்க் கண்மாய்க்கு மாநகராட்சி 50 கோடி ரூபாயில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் பூங்காவுமாகத் திட்டம் போட்டது இந்த நினைப்பில்தான். மாலையில் நடக்கப் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மதுரையில் நடக்க இடம் வேறு எங்கே இருக்கிறது? ஆனால் நடைபாதை பெரும்பாலும் தண்ணீர் விரிந்து நிற்க வேண்டிய உள்வாய் நிலத்தில்தான் மேவிப் போடப்படுகிறது. ஆழம் குறைந்த அந்த ஓரத்தில்தான் நாரையும் கொக்கும் உள்ளானும் இரை தேடும். சுற்றிலும் மேட்டை எழுப்பிவிட்டால் சில பக்கங்களில் மழைநீர் உள்ளே வரும் வாசலும் அடைபடும். கண்மாய் ஒரு கிண்ணமாகிவிடும். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டால், சாத்தையாற்றைக் கை காட்டுவார்கள். சாத்தையாற்று நீர்வழியில் இன்றைக்கு எத்தனை இடத்தில் என்னென்ன கட்டடம் நிற்கிறது என்ற கணக்கு அந்த 50 கோடித் திட்டத்துக்குள் வராது. அழகு வேலை வேலிக்குள் முடிந்துவிடுகிறது.

ஆயக்கட்டு பிளாட் ஆனது இயற்கைச் சீற்றம் இல்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த வழி செய்தது. நஞ்சையில் வீடு கட்டியவர் தண்ணீர் நிற்பதை எப்படி விரும்புவார்? அவர் மடையைச் சாத்தச் சொல்வார். கரையைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்வார். கண்மாய் நிறைந்தால் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பார். கண்மாய் நிறைய வேண்டும் என்று விரும்பும் ஆள் கீழே ஒருவனும் இல்லாமல் போன அன்றைக்கே கண்மாய் முடிந்துவிட்டது. பெயருக்குத் தண்ணீர் கிடக்கலாம். ஆகவே கரைக்குக் கீழே நஞ்சையில் பத்து ஏக்கராவது நஞ்சையாக இருப்பது, கண்மாய்க்குள் நூறு டிப்பர் மண் குறைவதைவிட முக்கியம்.

'அரசு இருக்கிறதே, சட்டம் இருக்கிறதே' என்பது அடுத்த பதில். இருக்கின்றன. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறை வழி வந்த நீர்வளத் துறையிடம். மற்றவை ஊராட்சி ஒன்றியங்களிடம். 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறைக் கண்மாய்களுக்காக எழுதப்பட்டது. எண்ணிக்கையில் பெரும்பான்மையான ஒன்றியக் கண்மாய்கள் அதற்கு வெளியே நின்றன. அந்தச் சட்டமும் கண்மாய் எல்லைக்குள் வந்தவனை வெளியேற்றும் சட்டம். எல்லைக்கு வெளியே உள்ள நீர்ப்பிடிப்பு மேட்டை என்ன செய்வது என்று அது பேசவில்லை. வேலியே மேய்ந்த கதையும் மதுரைக்குப் புதிதல்ல. மாநகராட்சியின் தலைமைக் கட்டடம் தல்லாகுளம் கண்மாய் நிலத்தில் நிற்கிறது. 2004-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் எழுந்தது. அந்த நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளுக்கு எதிராக எத்தனையோ நல்ல உத்தரவுகளைப் போட்டிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கண்மாய் உள்வாயில் குடிசை போட்டவனை மட்டும் குற்றவாளியாக்கி 'மக்களே அழித்தார்கள்' என்று எழுதுகிறவர்கள், பட்டியலை மேலே இருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும்.

அப்படியானால் யார் காப்பது? நம் முன்னோர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். அதில் நாம் கவனிக்கத் தவறுவது அதன் பணக் கணக்கை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குடவோலையைத்தான் சிலாகிப்போம். அந்தக் கல்வெட்டில் வரும் ஏரி வாரியத்துக்கு வேலை செய்யக் காசு எங்கிருந்து வந்தது? ஏரிப்பட்டி என்று தனியாக நிலம் விட்டிருந்தார்கள். அதன் விளைச்சல் ஏரிப் பராமரிப்புக்கு. இறந்தவர் நினைவாகப் பொன்னோ நிலமோ கொடுத்து, அதன் வட்டியிலும் வாரத்திலும் ஆண்டுதோறும் ஏரி வேலை நடக்கும்படி எழுதிவைத்த கல்வெட்டுகள் தமிழகத்தில் உண்டு. மூலதனத்தைத் தொடாமல் வருமானத்தில் பராமரிப்பது. மேலை நாட்டில் சமூக அறக்கட்டளை என்று இன்று பெருமையாகச் சொல்லும் ஏற்பாடு கிட்டத்தட்ட இதுதான். மடையைத் திறக்கும் நீர்பாய்ச்சிக்கும் மடைக்குடும்பனுக்கும் களத்தில் நெல் அளந்ததும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி. வெள்ளைக்காரன் வருவாய்க் கணக்கில் இத்தகைய மானியங்கள் கரைந்தன. வருமானம் போனது, வேலை மட்டும் குடிமராமத்து என்ற பெயரில் ஊர் தலையில் நின்றது. அது நடக்காமல் போகவே 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள்.

இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்களில் எனக்கு மரியாதைக்குரிய ஒரு தரப்பு உண்டு. 'குடிமராமத்து என்று நீங்கள் உருகுவது யாருடைய உழைப்பை? கூடையும் மண்வெட்டியும் எடுத்தவன் சேரிக்காரன். தண்ணீர் பாய்ந்த வயல் வேறு சாதிக்காரனுக்கு. சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தும் அளவுக்கு அது இனித்திருந்ததா?' இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் கூடாது. அவர்கள் சொல்வது உண்மை. பழைய ஊர்க்கட்டுப்பாடு சாதிக்கட்டுப்பாடாகத்தான் இருந்தது. ஆனால் இதிலிருந்து 'ஆகவே ஊரை விட்டு ஒப்பந்தக்காரரிடம் கொடு' என்ற முடிவு வராது. நிலம் உள்ளவர்கள் மட்டும் உட்காரும் சங்கம் செல்லாது என்ற முடிவுதான் வரும். கண்மாயில் ஆடு மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், கோரையும் விறகும் எடுக்கும் பெண்கள், நூறு நாள் வேலையில் அந்தக் கரையில் மண் சுமந்தவர்கள், இவர்களுக்கு ஓட்டும் பங்கும் இல்லாத சங்கத்தைச் சங்கம் என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. 2017-இல் குடிமராமத்து மறுபடி அறிவிக்கப்பட்டு, முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் ஏற்க வேண்டும் என்றார்கள். பல ஊர்களில் அந்தப் பத்தில் ஒரு பங்கையும் சங்கத்தின் பெயரையும் ஒப்பந்தக்காரரே பார்த்துக்கொண்டார் என்ற புகார் எழுந்ததை நாடறியும். சங்கம் வேலைக்கு முன் பிறந்து, வேலை முடிந்ததும் செத்தது.

மதுரையிலேயே இதற்கு வேறு மாதிரி முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. 1992-இல் பிரதான் அமைப்புக்குள் கண்மாய்ச் சீரமைப்புத் திட்டமாகத் தொடங்கி, 1997-இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தானம் அறக்கட்டளையிடம் வந்து சேர்ந்த வயலகம். ஊர் ஊராகக் கண்மாய்ச் சங்கம், ஒரு நீர்வழியில் உள்ள சங்கங்கள் சேர்ந்து சங்கிலிக் கூட்டமைப்பு, அதற்கு மேல் வட்டார அமைப்பு என்று கட்டினார்கள். சீரமைப்புச் செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை விவசாயிகளிடமே வசூலித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த படி: கண்மாயின் பெயரில் வைப்புநிதி போட்டு, அதன் வட்டியைப் பராமரிப்புக்கு ஒதுக்கினார்கள். ஏரிப்பட்டியின் வேலையை வங்கி வைப்பு செய்தது. மடைக்கதவுக்கு மசகு போடவும், கரையில் எலி வளை அடைக்கவும், வரத்துக்காலில் முள் வெட்டவும் யாரிடமும் கையேந்த வேண்டாம்.

வயலகம் எல்லாவற்றையும் சாதித்துவிட்டதா என்றால் இல்லை. அதன் கையைக் கட்டியது வருமான உரிமை. மீன் பாசிக் குத்தகையும் கருவேல மர ஏலமும் கண்மாயின் இயல்பான வருமானம். ஒரு காலத்தில் ஊர்ப் பொதுவில் சேர்ந்த அந்தப் பணம் இன்று கண்மாய்க்குக் கண்மாய் ஏதாவது ஒரு துறைக்கோ உள்ளாட்சிக்கோ போகிறது. அது கண்மாய்க்கே திரும்பி வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. காவல் காப்பவன் ஒருவன், காசு எண்ணுபவன் ஒருவன் என்றால் காவல் எத்தனை நாள் நடக்கும்?

இதைவிட வேடிக்கை தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். நல்ல பணம். ஆனால் 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஓர் அமைப்பின் மூலதன நிதிக்குக் கொடுக்கும் பணம் இந்தக் கணக்கில் சேராது. தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கத்தான் போட்டிருப்பார்கள், விளைவு வேறு. கண்மாய்ச் சங்கத்துக்கு ஐந்து லட்சம் வைப்புநிதி போட்டால் கணக்கில் வராது. அதே ஐந்து லட்சத்துக்கு ஜேசிபி ஓட்டினால் வரும். படமும் வரும். சட்டமே தோண்டச் சொல்கிறது.

'நிலத்தைக் காப்பது என்றால் விலைக்கு வாங்கவா முடியும்? சென்ட் என்ன விலை தெரியுமா?' இது கடைசியாக வரும் ஏளனம். வாங்கத் தேவையில்லை. நியூயார்க் மாநகரம் குடிக்கும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு நூறு மைலுக்கு மேல் தள்ளி இருக்கும் மலை நிலங்களிலிருந்து வருகிறது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் நிலையம் கட்டுவதா, மேட்டு நிலத்தைக் காப்பதா என்ற கேள்வி வந்தபோது, 1997-இல் மேட்டு ஊர்களோடு அந்த நகரம் ஒப்பந்தம் போட்டது. விற்க விரும்பியவரிடம் நிலம் வாங்கியது. விற்க விரும்பாதவரிடம், நிலம் அவரிடமே இருக்க, அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்கியது. அவர் உழுதுகொள்ளலாம், மாடு மேய்க்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். மனை போட முடியாது. நம் சட்டத்தில் இதே வடிவம் இல்லை. ஆனால் குத்தகையும் ஒப்பந்தமும் நமக்குத் தெரியாதவையா? ஒரு சங்கமோ அறக்கட்டளையோ, கண்மாய்க்குக் கீழ் நஞ்சையை நஞ்சையாக வைத்திருப்பதற்கு விவசாயிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பணம் வாங்காமலேயே நிலத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஊர்களும் பக்கத்தில் உண்டு. திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள், வேட்டங்குடிக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. ஊர்க்கட்டுப்பாடு அதற்கு முன்பே இருந்தது.

மேலூர்ப் பக்கம் போனால் நிலம்தான் கண்மாய் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிரானைட் குவாரிக்காரர்கள் மேலூர் வட்டாரத்தில் கண்மாய்க்குள் மட்டும் கைவைக்கவில்லை. பாறையை அறுத்து, ஓடைகளையும் வரத்துக்கால்களையும் கழிவுக் கல்லால் மூடினார்கள். கண்மாய் தானாகச் செத்தது. 2012-இல் ஆட்சியராக இருந்த சகாயம் எழுதிய அறிக்கையும், பிறகு நீதிமன்றம் அவரைக் கொண்டு நடத்திய விசாரணையும் இந்தச் சேதத்தையும் பதிவு செய்தன. அரிட்டாபட்டிக்காரர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஏழு குன்றுகளையும் அவற்றின் சுனைகளையும் கண்மாய்களையும் ஒரே உடம்பாகப் பார்த்தார்கள். அரசுக் குறிப்பே அங்கே 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்று கணக்குச் சொல்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2,015 ஹெக்டேரை வளைத்தபோது அந்தச் சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்து வந்தன. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. மரபுத் தலமாக அறிவித்த 193 ஹெக்டேருக்காக மட்டும் அவர்கள் நடக்கவில்லை. சுற்றியுள்ள மேடு போனால் உள்ளே இருப்பது நிற்காது என்று தெரிந்து நடந்தார்கள்.

அரிட்டாபட்டியில் பாறை இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஊர் ஒற்றுமை இருக்கிறது. நகரத்து ஓரத்தில் என்ன செய்வது என்று கேட்பது சரியான கேள்வி. குலமங்கலத்திலிருந்து செல்லூர் வரையிலான சங்கிலியில் தொடங்கலாம். முதல் செலவு சர்வேயருக்கு. ஒவ்வொரு கண்மாயின் வரத்துக்காலையும் மறுகாலையும் புல வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, எங்கே ஓடை புறம்போக்காக இருக்கிறது, எங்கே பட்டாவுக்குள் போகிறது, எங்கே சாலைக்கு அடியில் குழாயாகச் சுருங்கியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். இரண்டாவது, ஓடைப் புறம்போக்கின் இரு பக்கமும் எல்லைக்கல். மூன்றாவது, அந்தச் சங்கிலிக்கு ஒரே சங்கம், அதன் பெயரில் வைப்புநிதி, மீன் குத்தகைப் பணம் அதில் சேர அரசாணை. மீதமுள்ள நஞ்சைக்காரர்களோடு ஆண்டு ஒப்பந்தம் நான்காவது. தொகை எவ்வளவு என்பதை அவர்களோடு உட்கார்ந்துதான் பேச முடியும். இதில் அளக்கும் வேலைக்கு அவசரம் உண்டு. அந்த மேட்டில் இன்னும் மனை ஆகாத நிலம் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கையெழுத்தாவதற்கு முன் அந்த வரைபடம் கையெழுத்துப் போடும் அதிகாரியின் மேசையில் இருக்க வேண்டும்.